ஆண்பிள்ளைகள் வீடு கட்டாத ஊர்

கல்முனைக் கரைக்கு முதலில் கடல் வந்தது, பின்னால் பயிற்சிப் பட்டறைகள் வந்தன. கடல் அன்றைக்கே திரும்பிப் போய்விட்டது. பட்டறைகள் வருடக் கணக்கில் எங்களோடு தங்கின.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எங்கள் பாடசாலை கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. சுனாமிக்குப் பிறகு அதில் மிஞ்சியது ஒரு துண்டு மதிலும் கொடிக்கம்பமும்தான். எங்களை வயல் பக்கமாகத் தகரம் போட்ட ஒரு நீளக் கொட்டிலுக்கு மாற்றினார்கள். அந்தக் கொட்டிலில் ஒன்றாம் வகுப்பில் பொறுப்பெடுத்த பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு வரை நானே கொண்டுபோனேன். அதனால் அந்தப் பிள்ளைகளின் தலையில் கொட்டப்பட்ட ஆக்கச் செயற்பாடுகள் அத்தனையையும் முதலிலிருந்து கடைசி வரை பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பட்டறைகள் பெரும்பாலும் ஹோட்டல் மண்டபத்தில்தான் நடக்கும். முதலில் எங்களை வட்டமாக நிற்க வைப்பார்கள். பிறகு ஆளுக்கொரு மிருகமாக மாறச் சொல்வார்கள். ஹபாயா போட்டுக்கொண்டு, நாற்பது வயதில், கம்பளத்தின் மேல் தவளையாகப் பாய்ந்தவள் நான். எங்கள் பாடசாலை அதிபருக்கு யானை வந்தது. அவர் ஒன்றும் பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை. பகலைக்குக் கோழி புரியாணி, பின்னேரம் சான்றிதழ். நடுவில் பெரிய டிமைத் தாளை விரித்து, 'பிள்ளை ஒரு பூ' என்று யாராவது எழுதுவார்கள். எல்லோரும் கைதட்டுவோம்.

'கழிவிலிருந்து படைப்பு' என்று ஒரு பட்டறை. முட்டைக்கோது, ஐஸ்கிறீம் குச்சி, உறிஞ்சு குழாய், காகிதத் தட்டு இவற்றால் கோழிக்குஞ்சும் மயிலும் செய்யப் பழக்கினார்கள். நல்ல விசயம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் ஐஸ்கிறீம் குடித்து அவ்வளவு குச்சி சேர்ப்பதென்றால் வகுப்பு முழுவதும் சளி பிடித்துக் கிடக்கும். ஆகவே கல்முனை பஸாரில் புதுக் குச்சி, புதுத் தட்டு, புதுக் குழாய் என்று பெட்டி பெட்டியாக வாங்கிக் கொண்டுவந்து, அதைக் கழிவுப்பொருள் என்று நம்பி வேலை செய்தோம். முட்டைக்கோது மட்டும் உண்மையாக வீட்டிலிருந்து வந்தது. அந்தக் கிழமை எந்தப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாலும் முட்டைப் பொரியல்தான்.

செய்த மயிலையும் குஞ்சையும் என்ன செய்தோம் என்றால், கூரைத் தகரத்துக்குக் கீழே கயிறு கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டோம். எங்கள் பாடசாலைகளின் வழமை அது. கற்றல் உபகரணம் பிள்ளை தொட்டால் பழுதாகிவிடும்; பழுதானால் மேலதிகாரி வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. அதனால் பிள்ளைகள் கீழே கரும்பலகையைப் பார்த்துப் படித்தார்கள், படைப்பாற்றல் மேலே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் வீட்டுச் செயற்பாடு வந்தது.

ஒரு வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர் அம்மணி ஒருவர் வந்தார். மொழிபெயர்க்கக் கொழும்புப் பொடியன் ஒருவனும் கூட வந்தான். அம்மணி நல்ல மனுசி, அதை மறுக்க மாட்டேன். வெயிலில் முகம் சிவந்து, கண்ணில் எப்போதும் ஒரு துளி தயாராக வைத்திருப்பார். 'நான் பெரிய ஆளானதும் வாழப்போகும் வீடு' என்பதுதான் செயற்பாடு. நிவாரணத்தில் வந்த தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளும் பிஸ்கட் பெட்டிகளும் எங்களிடம் மலைபோல் கிடந்தன. வெட்டி ஒட்டி ஆளுக்கொரு வீடு செய்ய வேண்டும். எதிர்காலத்தைக் கற்பனை செய்கிற பிள்ளையின் மனம் ஆறும் என்று பொடியன் மொழிபெயர்த்தான்.

பெண்பிள்ளைகள் பாய்ந்து விழுந்து கட்டத் தொடங்கினார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தானே, சுவர் சாயும், கூரை பறக்கும், ஆனால் ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டில் எது எங்கே இருக்க வேண்டுமென்று திட்டமாகத் தெரிந்திருந்தது. ஒருத்தி முன்வாசலில் மதில் எழுப்பினாள். ஒருத்தி தன் இரண்டு தங்கச்சிமாருக்கும் அதே வளவில் பக்கத்தில் பக்கத்தில் இடம் விட்டாள்.

முதல் வாங்கில் இருந்த ஒரு சின்னவள் வீட்டுக்கு முதலே கிணற்றைச் செய்தாள். போத்தல் மூடியை அட்டையில் ஒட்டி, அதற்குப் பின்னால்தான் குசினி வைத்தாள். கடற்கரையில் அவர்களுடைய வீடு நின்ற இடத்தில் மிஞ்சியது கிணறு மட்டும் என்று எனக்குத் தெரியும். அவளுடைய உம்மா கடல் வந்த அன்றைக்கே மௌத்தாகிவிட்டார். "இது ஆருட ஊடு?" என்று கேட்டேன். "உம்மாட ஊடு. உம்மா இல்லாததால என்ட" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குக் கிணற்றுக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆண்பிள்ளைகளின் பக்கம் போய்ப் பார்த்த அம்மணி திகைத்து நின்றுவிட்டார். ஒரு வீடு கூட இல்லை. ஒருவன் வேன் செய்திருந்தான். ஒருவன் உழவு மெசின் செய்திருந்தான். ஒருவன் தோணி, ஒருவன் பேக்கரி, இரண்டு பேர் சேர்ந்து பள்ளிவாசல் மினாரா. வீடு ஏன் செய்யவில்லை என்று பொடியன் கேட்டான். வேன்காரன் எழுந்து நின்று, "நாங்க ஏன் சேர் ஊடு கட்டணும்? எங்களுக்கு ஊடு இல்ல. நாங்க வேற ஆக்கள்ட ஊட்ட போய்த்தான் இரிக்கணும்" என்றான்.

பொடியன் அதை ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னான். அம்மணியின் கண்ணில் தயாராக இருந்த துளி விழுந்தது.

வேன்காரன் சொன்னது எங்கள் கரையில் தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. இங்கே வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த அன்றைக்கே வாப்பாவின் தலையில் சீமெந்து மூட்டை ஏறிவிடும். கூடப்பிறந்த காக்காமார் வெளிநாட்டுக்குப் போய் உழைத்துத் தங்கச்சிக்கு வீடு கட்டுவார்கள். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். என் கணவரும் அப்படி வந்தவர்தான். எங்களுக்குள் சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போக வேண்டியவர் அவர், நான் அல்ல. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வந்து எங்களோடு படிப்பித்த டீச்சர் அன்றைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கட பக்கமும் இதே கதைதானே டீச்சர். விளங்கப்படுத்துங்க" என்றார். நான் விளங்கப்படுத்தப் போனேன். அம்மணி என் இரண்டு கையையும் பிடித்து, எனக்கும் ஆறுதல் சொன்னார்.

அடுத்த மாதம் அறிக்கை வந்தது. எங்கள் ஆண்பிள்ளைகள் எதிர்காலத்தில் தமக்கொரு வீட்டைக் கற்பனை செய்ய முடியாத அளவுக்கு மனம் உடைந்திருக்கிறார்களாம். அவர்களுக்கென்று விசேட திட்டம் ஒன்றும் வந்தது. வியாழக்கிழமை தோறும் ஆண்பிள்ளைகளை மட்டும் தென்னைக்குக் கீழே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணை மூடச் செய்து, தங்கள் வீட்டைக் காணச் சொல்வார்கள். கண்டதைச் சொன்னால் கிறீம் பிஸ்கட். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? இரண்டாம் கிழமையே ஒவ்வொருத்தனும் மாடி வீடு காணத் தொடங்கினான். மூன்றாம் கிழமை வேன்காரனின் வீட்டுக்கு லிப்ட் வந்தது. அவன் மனம் மிக வேகமாக ஆறிவருவதாகக் கொப்பியில் எழுதினார்கள்.

பெண்பிள்ளைகள் வகுப்பில் என்னோடு கூட்டல் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். கிணற்றுக்காரியும்தான். அவள் வீடு கட்டியிருந்தாள் அல்லவா, ஆகவே அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை தீர்மானித்துவிட்டது.

கடைசியில் அந்தத் திட்டத்தை நிறுத்தியது வேன்காரனின் உம்மா. ஒரு நாள் காலையில் கொட்டில் வாசலில் நின்று சத்தம் போட்டார். "டீச்சர், இவன் என்னயோ ஊட்டுக் கதையாக் கதைக்கான். கண்ண மூடிக்கிட்டு மாடி கட்டுறானாம். இவனுக்குக் கூடப்பொறந்த ரெண்டு ராத்தாமார் இரிக்காங்க. ஆம்புளப் புள்ளைக்கு ஊட்டாச காட்டி உட்டா மறுகா அதுகளுக்கு ஆரு கட்டிக் குடுக்கிற?" என்று கேட்டார். அதிபர் உடனே தென்னங்கன்றுகளுக்குப் பாதிப்பு என்று ஒரு காரணம் எழுதி அனுப்பினார். பிஸ்கட் நின்ற நாளோடு மாடிகளும் இடிந்தன.

இதெல்லாம் சிரிப்புக் கதை. இனிச் சொல்வது அவ்வளவு சிரிப்பில்லை.

கடற்கரையில் வீடு இழந்தவர்களுக்கென்று உள்ளே வயலை நிரப்பி வீட்டுத் திட்டம் கட்டினார்கள். வரிசை வரிசையாக, ஒரே நிறத்தில், குசினிக் கதவு எந்தப் பக்கம் இருக்க வேண்டுமென்று ஒரு பெண்ணிடமும் கேட்காமல் கட்டிய வீடுகள். கொடுக்கும்போது படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் பெரிய கேள்வி: குடும்பத் தலைவர் யார்? காலங்காலமாகப் பெண்ணின் பெயரில் இருந்த வளவுகளுக்குப் பதிலாக வந்த வீடுகளெல்லாம், மாப்பிள்ளையாக ஒரு பெட்டியோடு வந்தவர்களின் பெயரில் விழுந்தன. கடல் வளவை எடுத்தது சரி, வழக்கத்தை எடுத்தது படிவம்தான். இதை நான் ஓர் அதிகாரியிடம் சொன்னபோது, பெண்ணுரிமை பற்றித் தங்களிடம் தனிப் பட்டறை இருப்பதாகச் சொன்னார். அதிலும் தவளையாகப் பாய வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கிணற்றுக்காரியின் உம்மா வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்தது மூன்றாம் வரிசையில் முனை வீடு. அது அவளுடைய வாப்பாவின் பெயரில் போனது. வாப்பா ஓடும் சீமெந்தும் விற்கிறவர். சுனாமிக்குப் பிறகு அந்த வியாபாரத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகக் கதைப்பார், யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார். எங்கள் கரையில் மனைவி மௌத்தானால் ஆணுக்குக் குந்த இடமில்லை; உம்மா வீட்டுக்குப் போவார், அங்கிருந்து அடுத்த மனைவியின் வீட்டுக்குப் போவார். அவரும் அப்படியே அக்கரைப்பற்றில் ஒரு விதவையைக் கலியாணம் முடித்து, அவருடைய வீட்டுக்குப் போய்விட்டார். அதில் தப்பொன்றும் இல்லை. பிள்ளையை உம்மாவின் தங்கச்சி, அதாவது அவளுடைய சாச்சி வளர்த்தார். முனை வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாச்சி வாடகைக்கு ஓர் அறையில் பிள்ளையோடு இருந்தார்.

பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, புது மனைவியின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினார்கள். பெண்ணுக்கு வீடு வேண்டும். வாப்பா முனை வீட்டை எழுதிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இதைச் சாச்சிதான் என்னிடம் வந்து சொன்னார். "நான் என்ன செய்யிற டீச்சர்? பள்ளிவாசல் மரைக்காயர்மாருக்கிட்டயும் போனன். உறுதிப் பத்திரம் அவருட பேருல, அவருட விருப்பம் எண்டுறாங்க" என்று அழுதார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளைக்கு உம்மா விட்டுப்போனது ஒரு வளவு. அதைக் கடல் தின்றது. பதிலுக்கு வந்ததை வாப்பாவின் தாராள மனசு தின்னப் பார்த்தது.

அந்த வருடம்தான் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். பாடசாலைகளுக்குக் கட்டளை வந்தது: சமாதானத்தைப் போற்றி மாணவர் ஆக்கக் கண்காட்சி நடத்த வேண்டும். உடனே எல்லாப் பாடசாலைகளும் புறா செய்யத் தொடங்கின. கல்முனைக் கடைகளில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை தீர்ந்துபோனது. அதுவரை மீன்பெட்டிக்கு மட்டும் உதவிய சாமான், ஒரே கிழமையில் எல்லாம் புறாவாகிவிட்டது.

எங்கள் வகுப்புக்குக் கிடைத்த தலைப்பு 'நாளைய ஊர்'. அதே நிறுவனம்தான் உதவி, அதே அம்மணிதான் மேற்பார்வை. நான்கு மேசையைச் சேர்த்து, வீட்டுத் திட்டமும் அதைச் சுற்றியுள்ள ஊரும் செய்வதென்று முடிவெடுத்தேன். உம்மாமார் படையெடுத்து வந்தார்கள். "இது ஸ்கொலஷிப் பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்பது அவர்களின் ஒரே கேள்வி. வரும் என்று பொய் சொன்னேன். வராது என்றால் ஒரு பிள்ளையும் கத்தரிக்கோல் பிடிக்காது. வரும் என்றால் இன்னொரு ஆபத்து, உம்மாமாரே செய்து கொடுத்துவிடுவார்கள். அந்த வருடம் பக்கத்துப் பாடசாலையில் ஒன்பது வயதுப் பிள்ளை கொண்டுவந்த காற்றாலையில் மின்சார சபையில் வேலை செய்யும் மாமா கம்பி முறுக்கும் விதம் அப்படியே தெரிந்ததாம். ஆகவே அட்டை ஒன்றையும் வீட்டுக்குக் கொடுத்து விடவில்லை. வகுப்பிலேயே செய்தோம்.

வேலையைப் பிரித்தது பிள்ளைகளே. பெண்பிள்ளைகள் வீடு. ஆண்பிள்ளைகள் ரோட்டு, கடை, பள்ளிவாசல், வாய்க்கால், பாலம், பஸ். அம்மணி இதைப் பார்த்துவிட்டு, ஆண்களும் வீடு கட்ட வேண்டும், சமத்துவம் வேண்டும் என்றார். வேன்காரன் இப்போது பெரிய ஆளாகியிருந்தான். "பிஸ்கட் தருவீங்களா?" என்று கேட்டான். பொடியன் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஒருவன் தீக்குச்சியும் சாக்குத்துண்டும் வைத்துப் பிரதான வீதியில் சோதனைச் சாவடி ஒன்றை அழகாகச் செய்திருந்தான். கண்காட்சிக்கு முன் பார்க்க வந்த ஆசிரிய ஆலோசகர் பதறிப்போய், நாளைய ஊரில் அது இருக்கக் கூடாது என்று எடுக்கச் சொன்னார். செய்தவனே அதைப் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டான். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில், உண்மைச் சாவடியில் அவனுடைய பையைத் திறந்து, உள்ளே இருந்த தீக்குச்சிச் சாவடியை எடுத்துப் பார்த்தார்களாம். நல்ல வேளை, அவர்களுக்குப் பிடித்திருந்ததாம்.

அதிபர் வீட்டுப் பலகைகளில் குடும்பத் தலைவர் பெயர் எழுதச் சொன்னார். அதிகாரிகளிடம் உள்ள விபரத்தோடு ஒத்துப்போக வேண்டுமாம். நான் பிள்ளைகளிடம் சொன்னேன். பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஆளுக்காள் தங்கள் பெயரை எழுதி ஒட்டினார்கள். "தலைவர் பேர் எங்க?" என்று அதிபர் கேட்டபோது, இதுதான் என்று நானும் சாதித்துவிட்டேன். யானைக்கு அதற்கு மேல் வாதாட நேரமிருக்கவில்லை, பிரதம விருந்தினருக்கு மாலை வாங்க ஓடிவிட்டார்.

கண்காட்சி அன்று எங்கள் மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. நாளைய ஊரை ரசிக்க வந்தவர்கள் அல்ல. தங்கள் வளவைத் தேடி வந்தவர்கள். ஒரு வாப்பா பெருவிரலால் அளந்து, பக்கத்து வீட்டார் ரெஜிபோமில் கூடத் தன் எல்லைக்குள் வந்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்து வீட்டார் அதற்கு, "நீங்க மட்டும் என்ன? வாய்க்காலயும் புடிச்சித்தானே மதில் வெச்சிரிக்கீங்க" என்றார். இரண்டு பேரையும் விலக்க மரைக்காயர் ஒருவர் வர வேண்டியிருந்தது. வந்தவர் முதலில் தன் மகளின் வீட்டைத் தேடினார்.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பிள்ளை கையில் குச்சியோடு விளக்கம் சொல்ல நின்றது. மூன்றாம் வரிசைக்குக் கிணற்றுக்காரியை நிறுத்தியது நான்தான். தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கு முனை வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றும், வழியில் கண்காட்சிக்கும் வருவார்கள் என்றும் சாச்சி சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் பெண்ணைப் பார்ப்பதை விட வீட்டைத்தான் ஊன்றிப் பார்ப்பார்கள்.

வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் உம்மா, பின்னால் கிணற்றுக்காரியின் வாப்பா, அவருக்குப் பின்னால் புது மனைவியும் கலியாணப் பெண்ணும். மாப்பிள்ளையின் உம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேசையில் குனிந்தார். "எது மருமகளுக்கு எழுதுற ஊடு?" என்று கேட்டார். வாப்பா, "மூணாவது வரிசையில முனையூடு" என்று மெதுவாகச் சொன்னார்.

உடனே குச்சி முனை வீட்டின் மேல் வந்து நின்றது. கிணற்றுக்காரி நான் பழக்கிய கண்காட்சித் தமிழில் தொடங்கினாள். "அஸ்ஸலாமு அலைக்கும். எமது கண்காட்சிக்கு வருகை தந்த உங்களை அன்புடன் வரவேற்கிறேன். இது மூன்றாம் வரிசையின் முனை வீடு. இது என்னுடையது. கடற்கரையில் இருந்த எனது உம்மாவின் வீட்டுக்குப் பதிலாக இது கிடைத்தது. உம்மா மௌத்தான காரணத்தால் இது எனக்குரியது. பின்பக்கத்தில் ஒரு கிணறு தோண்டத் திட்டமிட்டுள்ளேன்."

நான் பழக்கியது வரவேற்பும் வரிசை இலக்கமும் மட்டும்தான். மிச்சம் எல்லாம் அவளுடையது.

மாப்பிள்ளையின் உம்மா நிமிர்ந்தார். "ஆருட மகள்கா நீ?" என்று கேட்டார். பிள்ளை குச்சியைத் தூக்கி வாப்பாவைக் காட்டினாள். வாப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார். "சின்னப் புள்ளைட விளையாட்டு, உறுதி என்ட பேருலதான் இரிக்கி" என்றார்.

"பேர நான் கேக்கல்ல. தாயுட ஊட்டுக்குப் பதிலா வந்த ஊடா, இல்லையா?"

"ஓம், ஆனா..."

"அப்ப எத்தீம்ட சொத்துலயா என்ட மகனக் குடியிருத்தப் பாத்தீங்க?"

வாப்பா ஓதிப் படித்த மனிதர். "வாப்பா நான் உசிரோட இரிக்கக்குள்ள அவ எப்பிடி எத்தீமாகிற?" என்றார். மார்க்கச் சட்டப்படி அவர் சொன்னது சரி. தகப்பன் இல்லாத பிள்ளைதான் எத்தீம், தாயில்லாத பிள்ளை அல்ல. மரைக்காயரும் ஓம் என்று தலையாட்டத் தொடங்கினார்.

"உசிரோட இரிக்கிற வாப்பாவா இப்பிடிச் செய்யிற?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். மரைக்காயரின் தலை பாதியில் நின்றது. எல்லை அளந்துகொண்டிருந்தவர்கள் கூட விரலை எடுத்துவிட்டார்கள்.

அந்த மனுசியை நீதி தேவதை என்று நினைக்க வேண்டாம். முனை வீடு சின்னது, ஹோல் போதாது என்று அவர் முதலே முணுமுணுத்தவர்தான். பெரிய வீடு கேட்க அவருக்கு ஒரு நல்ல சாட்டுக் கிடைத்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கலியாணப் பெண்ணைப் பார்த்தபோது மட்டும் மனம் வலித்தது. அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, தன் குற்றம் போல நின்றது. பிறகு வாப்பா அவளுக்கு அக்கரைப்பற்றிலேயே தாயின் வளவில் வீடு கட்டிக் கொடுத்து, கலியாணம் முடிந்தது. ஓடும் சீமெந்தும் அவருடைய கடையில்தானே கிடந்தன.

கண்காட்சி முடிந்ததும் அம்மணி, 'நாளைய ஊர்' கொழும்புக்குப் போக வேண்டும், பெரிய மண்டபத்தில் வைக்க வேண்டும் என்றார். லொறி வந்தது. ஏற்றுவதற்கு முன் கிணற்றுக்காரி மேசைக்குப் போய்த் தன் வீட்டைப் பிடித்து இழுத்தாள். பசை விடவில்லை. அடியில் இருந்த ரெஜிபோம் துண்டோடு பிய்த்து எடுத்தாள். மூன்றாம் வரிசையின் முனையில் ஒரு குழி விழுந்தது. அதிபர் ஓடிவந்து, "என்ன புள்ள இது, தா!" என்றார். "என்ட ஊட்ட நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன் சேர்" என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நான் இடையில் போய் நின்றுகொண்டேன். ஊர் குழியோடு கொழும்புக்குப் போனது.

முனை வீடு இன்னமும் வாப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. பிள்ளையின் கலியாணத்துக்கு முன் எழுதித் தருகிறேன் என்கிறார். ஆனால் அன்று மேசையைச் சுற்றி நின்ற ஊர் முழுவதற்கும் அது யாருடையது என்று தெரியும். அதை வாங்கவோ சீதனமாக எடுக்கவோ இந்தக் கரையில் இனி ஆள் கிடைக்காது. கண்காட்சி முடிந்த அடுத்த மாதம் வாப்பாவே வந்து பூட்டின் திறப்பைச் சாச்சியிடம் கொடுத்தார். சாச்சி பிள்ளையோடு குடிபோனார்.

வருடக் கடைசியில் நிறுவனத்தின் கலண்டர் வந்தது. மினுமினுப்பான தாள். ஒரு பக்கம் முழுவதும் எங்கள் ஊர். புகைப்படக்காரர் மூன்றாம் வரிசையின் குழியைத்தான் நடுவில் வைத்து எடுத்திருந்தார். கீழே தமிழிலும் எழுதியிருந்தார்கள்: சுனாமியின் இழப்பைச் சொல்வதற்காகப் பிள்ளைகள் தாமே விட்டுவைத்த வெற்றிடம்.

அதைச் சுருட்டிக்கொண்டு முனை வீட்டுக்குப் போனேன். பின்வளவில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சேற்றுக் காலோடு ஓடிவந்த பிள்ளை கலண்டரை வாங்கி விரித்து, எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இழப்பு எண்டு போட்டிரிக்காங்க டீச்சர்" என்றாள். "ஆரு இழந்த?"